"இங்கிலீஷ் மட்டும் பார்த்துக் கொடுங்க மேடம்": ஆய்வுக் கட்டுரை எடிட்டிங்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"இங்கிலீஷ் மட்டும் பார்த்துக் கொடுங்க மேடம், சயின்ஸ் எல்லாம் கரெக்டா இருக்கு." ஆய்வுக் கட்டுரைகளை ஜர்னலுக்கு அனுப்பும் முன் திருத்திக் கொடுக்கிற வேலைக்கு வந்தால் முதல் வாரத்திலேயே இந்த வாக்கியம் உங்கள் காதில் விழும். நம்பிவிடாதீர்கள். அப்படிச் சொல்லி என்னிடம் வந்த ஒரு பேப்பரில் சுருக்கத்தில் 52 நோயாளிகள், மெத்தட்ஸ் பகுதியில் 50, அட்டவணையைக் கூட்டிப் பார்த்தால் 48. ஆங்கிலம் என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது.

நான் சென்னை ஓஎம்ஆரில், வெளிநாட்டு ஜர்னல்களின் பக்கங்களைத் தயாரித்துத் தரும் ஒரு நிறுவனத்தில் சில வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, இப்போது மடிப்பாக்கத்தில் வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்கிறேன். "இதுக்குள்ள எப்படிக்கா வர்றது?" என்று ஜூனியர்கள் கேட்கும்போதெல்லாம் போனில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே ஓரளவு வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

உங்களுக்குச் சரிப்படுமா?

ஆங்கில இலக்கியம் படித்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஏதாவது ஓர் அறிவியல் துறையில் எம்எஸ்சியாவது முடித்து, லேபில் கை நனைத்திருந்தால் நல்லது. நான் பயோகெமிஸ்ட்ரி. அதனால் உயிரியல், மருந்தியல், கொஞ்சம் பொதுச் சுகாதாரம் வரை எடுப்பேன். கட்டடப் பொறியியல் வந்தால் தரமணி பக்கம் இருக்கிற ஒரு தோழிக்குத் தள்ளிவிடுவேன். உங்கள் துறை ஒன்று, அதற்குப் பக்கத்துத் துறை ஒன்று, ஆரம்பத்தில் அவ்வளவு போதும். புரியாத துறையில் கை வைத்தால் சரியாக இருப்பதைத் தவறாக்கிக் கொடுப்போம், அது தெரியவும் தெரியாது.

தமிழ்த் தாய்மொழி இதில் ஒரு குறை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் ஆத்தர்களின் பேப்பரைத் திருத்துவதற்கு அது பெரிய கைமுதல் என்பேன். ஆங்கிலத்தின் 'எ', 'தி' மாதிரியான சொற்கள் தமிழில் கிடையாது, அதனால்தான் அவை விழ வேண்டிய இடத்தில் விழாமலும் வேண்டாத இடத்தில் முளைத்தும் நிற்கின்றன. "இலைகளைப் பறித்து, கழுவி, நிழலில் உலர்த்தி, பொடித்து, சலித்து வைத்தோம்" என்பது தமிழில் ஒழுங்கான வாக்கியம். அதே சங்கிலியை அப்படியே ஆங்கிலத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் எண்பது சொல்லில் ஒரு வாக்கியம் வரும், நடுவில் யார் உலர்த்தினார்கள், எது பொடிந்தது என்பது காணாமல் போயிருக்கும், சமயத்தில் இலை தன்னைத்தானே கழுவிக்கொண்டிருக்கும். இப்படி ஒரு வாக்கியம் மடங்கிக் கிடந்தால் மனதுக்குள் தமிழில் திருப்பிப் பாருங்கள், ஆத்தர் சொல்ல வந்தது முக்கால்வாசி பிடிபட்டுவிடும். 'ரெஸ்பெக்டிவ்லி' தேவையில்லாத இடத்தில் நிற்பது, 'எக்விப்மென்ட்ஸ்', 'லிட்ரேச்சர்ஸ்' என்று பன்மை போடுவது, 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுவது, இதெல்லாம் ஒரு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துவிடுவீர்கள்.

காசில்லாமல் பயிற்சி

கோர்ஸ் எதற்கும் உடனே பணம் கட்டாதீர்கள். பயோஆர்க்கைவ், மெட்ஆர்க்கைவ் என்ற இரண்டு இணையதளங்களிலும் ஜர்னலுக்குப் போகும் முன்னான வரைவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பின்னால் ஜர்னலில் வெளியான பேப்பராக இருந்தால் அந்தப் பக்கத்திலேயே இணைப்பு இருக்கும். வரைவில் இரண்டு பக்கத்தை எடுத்து வேர்டில் போட்டு, ட்ராக் சேஞ்சஸ் வைத்து நீங்களாகத் திருத்துங்கள். பிறகு வெளியான வடிவத்தோடு ஒப்பிடுங்கள். ரிவ்யூவர், அதாவது ஜர்னலுக்காகப் பேப்பரை மதிப்பிடுகிற நிபுணர், கேட்டதால் மாறியது எது, எடிட்டர் கை பட்டது எது, நீங்கள் தேவையில்லாமல் நோண்டியது எது என்று மூன்று நிறத்தில் குறியுங்கள். மூன்றாவது நிறம்தான் முதலில் பக்கமெல்லாம் பரவிக் கிடக்கும். அது குறைகிற வரை வாடிக்கையாளரைத் தேடாதீர்கள். எனக்கு இருபது பேப்பர் ஆனது.

சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்கு பெல்ஸ் என்ற அமைப்பு, 1991இல் தொடங்கியது, உயிரறிவியல் எடிட்டர்களுக்குத் தேர்வு நடத்துகிறது. பட்டப்படிப்பும் இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். ஆகவே அது இப்போதைக்கு இல்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கணினியில் என்ன வேண்டும்

வேர்ட் வேண்டும், அதை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ட்ராக் சேஞ்சஸ், கமென்ட், இரண்டு கோப்புகளை ஒப்பிடும் கம்பேர், இந்த மூன்றும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். ரெஃபரன்ஸ்கள் ஜொட்டேரோ, எண்ட்நோட் போன்ற மேற்கோள் மென்பொருள்களால் சேர்க்கப்பட்டிருந்தால், மேற்கோள் எண்ணின் மேல் கர்சரை வைத்தால் சாம்பல் நிறத்தில் தெரியும். அதைக் கையால் அடித்து மாற்றாதீர்கள், ஆத்தர் மறுபடி அப்டேட் செய்ததும் உங்கள் திருத்தம் காற்றில் போய்விடும். கமென்ட் போட்டு அவரையே மாற்றச் சொல்லுங்கள். இயற்பியல், கணிதம் பக்கம் என்றால் வேர்டுக்குப் பதில் லேடெக் என்ற எழுத்து மென்பொருளில் வரும், அதை இணையத்திலேயே பயன்படுத்த உதவும் ஓவர்லீஃபில் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்.

ஏஐ பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். வெளியாகாத பேப்பரை ஆத்தர் அனுமதி இல்லாமல் எந்தச் சாட்பாட்டிலும் ஏற்றக் கூடாது, அவர் உங்களை நம்பிக் கொடுத்தது அது. ஏஐயை ஆத்தராகப் போட முடியாது என்று மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவும் பதிப்பு அறநெறிக்கான கோப் அமைப்பும் 2023இலேயே சொல்லிவிட்டன. பயன்படுத்தியிருந்தால் பேப்பரில் சொல்ல வேண்டும் என்பது இன்று பெரிய பதிப்பகங்களின் விதி. ஆத்தரே ஏஐயில் போட்டு மெருகேற்றிய பேப்பர்களும் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் இலக்கணப் பிழை இருக்காது, அதனால்தான் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, இன்வெர்ட்டர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், நாள் கணக்கில் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. கையில் இரண்டு பேப்பர், கோப்புகள் லேப்டாப்பில் மட்டும். லேப்டாப்பை பாலிதீன் பையில் சுற்றித் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் சித்தி வீட்டுக்குப் போய் அனுப்பினேன், ஒன்று தாமதம்தான். கிளவுடில் ஒரு பிரதி, வேறு கம்பெனி சிம் ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாங்கும் வேலைக்கு இரண்டு நாள் கூடுதல் அவகாசம். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேப்பர் கைக்கு வந்ததும்

ஒப்புக்கொள்வதற்கு முன் சில கேள்விகள். எந்த ஜர்னலுக்கு? ரெஃபரன்ஸைக் கழித்துவிட்டு எத்தனை சொல்? என்றைக்குள் வேண்டும்? முன்பு எங்காவது அனுப்பித் திரும்பி வந்ததா, வந்திருந்தால் ரிவ்யூவர் எழுதியது கிடைக்குமா? கடைசிக் கேள்விக்குச் சிலர் தயங்குவார்கள், ஆனால் அந்தக் கடிதம் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிறகு ஜர்னலின் ஆத்தர் வழிமுறைகளைப் படியுங்கள். சுருக்கத்துக்கு எத்தனை சொல், தலைப்புக்கு எத்தனை எழுத்து, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா அமெரிக்கனா. எல்சேவியர் பதிப்பகத்தின் ஜர்னல்கள் பலவற்றில் 'ஹைலைட்ஸ்' என்று மூன்று முதல் ஐந்து வரி கேட்பார்கள், ஒவ்வொன்றும் இடைவெளியோடு சேர்த்து 85 எழுத்துக்குள். இதையெல்லாம் ஒரு தாளில் குறித்து மேஜையில் ஒட்டிக்கொள்வேன்.

முதல் தடவை எதையும் தொடாமல் படியுங்கள், முடிந்தால் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு. இவர்கள் என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள், என்ன கண்டார்கள் என்று மூன்று வரியில் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் பிரச்சினை இலக்கணத்தில் இல்லை.

அடுத்து அட்டவணைகளும் படங்களும். புதியவர்கள் முதல் வரியிலிருந்து திருத்திக்கொண்டே போவார்கள், நான் அட்டவணையில் தொடங்குவேன். கால்குலேட்டரை எடுத்து வரிசைகளைக் கூட்டுங்கள், சதவீதங்கள் நூறைத் தொடுகின்றனவா பாருங்கள், உரையில் சொன்ன எண் அட்டவணையில் இருக்கிறதா பாருங்கள். புள்ளியியல் சோதனையின் பி மதிப்பு 0.000 என்று இருந்தால் அது மென்பொருள் துப்பியதை அப்படியே ஒட்டியது, 0.001க்கும் குறைவு என்று எழுதுவதே வழக்கம். மைக்ரோகிராமும் மில்லிகிராமும் ஃபாண்ட் மாறும்போது இடம் மாறிவிடும், சிம்பல் ஃபாண்டில் அடித்த கிரேக்க 'மியூ' சாதாரண 'எம்' ஆகிவிட்டால் மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு கூடிவிடும். மரபணுப் பட்டியல் இருந்தால் நடுவில் தேதி இருக்கிறதா என்று தேடுங்கள். சிரிக்காதீர்கள். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால் கடைசியில் 2020இல் பெயர் சூட்டும் குழு மரபணுக்களின் பெயரையே மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்ற வேண்டி வந்தது. பழைய ஆய்வுக் கோப்புகளில் அந்தத் தேதிகள் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன.

அப்புறம்தான் வாக்கியங்கள். மெத்தட்ஸ், ரிசல்ட்ஸ், டிஸ்கஷன், அறிமுகம், கடைசியாகச் சுருக்கம், இந்த வரிசை எனக்கு ஒத்துவருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு சுருக்கத்தைத் தொட்டால் அதில் மட்டும் தனியாக முளைத்த எண்கள் கண்ணில் படும். மருத்துவப் பேப்பர் என்றால் அந்த வகை ஆய்வுக்கான சரிபார்ப்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: குலுக்கல் முறைச் சோதனைக்கு கன்சார்ட், முறையான மீளாய்வுக்கு ப்ரிஸ்மா, கண்காணிப்பு ஆய்வுக்கு ஸ்ட்ரோப், விலங்குச் சோதனைக்கு அரைவ். நம் நாட்டில் நடந்த மருந்துச் சோதனை என்றால் இந்தியாவின் மருந்துச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண் வேண்டும், அதுவும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் எடுத்ததா என்று தேதியைப் பாருங்கள். எண் இல்லையென்றால் எவ்வளவு அழகாகத் திருத்திக் கொடுத்தாலும் நல்ல ஜர்னல் வாசலிலேயே திருப்பிவிடும்.

என் பங்குக்கு ஒரு சொதப்பலையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அமெரிக்க ஜர்னலுக்கான பேப்பரில் 'சென்டர்' என்ற சொல்லின் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலை ஒரே அழுத்தில் பேப்பர் முழுக்க மாற்றினேன். ஆத்தரின் சொந்தத் துறையின் பெயரில் அந்தச் சொல் இருந்தது, ரெஃபரன்ஸில் மூன்று பேப்பரின் தலைப்பிலும் இருந்தது. "என் டிபார்ட்மென்ட் பேரையே மாத்திட்டீங்களேம்மா" என்றார் அந்தப் பேராசிரியர், நல்லவேளை சிரித்துக்கொண்டே. ஒட்டுமொத்தமாக மாற்றும் பொத்தானை அன்றிலிருந்து தொடுவதில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்றுகிறேன்.

கேள்வி கேட்பதுதான் வேலை

நீங்கள் வாங்குகிற காசில் பாதி, ஓரத்தில் போடுகிற கமென்ட்டுகளுக்கு. "தெளிவாக இல்லை" என்று மட்டும் எழுதினால் ஆத்தருக்குக் கோபம் வரும், உங்களுக்குப் பதில் வராது. எங்கே, எது எதோடு மோதுகிறது, என்ன வேண்டும் என்று மூன்றும் இருக்கட்டும்: "மெத்தட்ஸில் 50 பேர், அட்டவணை 2இல் 48 பேர். இருவர் இடையில் விலகினார்களா? ஆமென்றால் ரிசல்ட்ஸின் முதல் வரியில் சொல்லிவிடலாமா?" நான் இப்படித்தான் கேட்டேன். இருவர் விலகியது உண்மைதான். அந்த 52 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதே லேபில் வேறொருவரின் சுருக்கத்தை மாதிரிக்கு எடுத்து மேலேயே அடித்திருக்கிறார்கள், எண் மட்டும் அழியாமல் தங்கிவிட்டது.

ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பொருள் வந்தால் நீங்களாக ஒன்றைத் தேர்ந்துவிடாதீர்கள், இரண்டையும் எழுதிக் கேளுங்கள். 'மே', 'சஜஸ்ட்ஸ்' போன்ற தயக்கச் சொற்களை வாக்கியம் மிடுக்காக இருக்க வேண்டுமென்று வெட்டாதீர்கள். எலியில் பார்த்ததை மனிதனில் நிரூபித்த மாதிரி ஆகிவிடும். எதிர்த்திசையிலும் கவனம் தேவை: இரண்டு விஷயம் சேர்ந்து கூடியது என்று ரிசல்ட்ஸ் சொல்லும், டிஸ்கஷனுக்கு வருவதற்குள் ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று ஆகியிருக்கும். அங்கே ஒரு கமென்ட்.

மரியாதையும் முக்கியம். பேப்பரை அனுப்புவது ஸ்காலர், உங்கள் கமென்ட்டைப் படிக்கப்போவது கைடு. "தவறு" என்ற சொல்லை நான் கமென்ட்டில் எழுதுவதே இல்லை, "சரிபார்க்கவும்" என்றால் எல்லோருக்கும் மானம் தப்பும்.

விசித்திரமான சொற்களைக் கண்டால் நில்லுங்கள். 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்', 'பிரெஸ்ட் கேன்சர்' என்பதற்கு 'பூஸம் பெரில்' (மார்பின் ஆபத்து) என்றெல்லாம் வந்தால், யாருடைய பேப்பரையோ திருடி, திருட்டு தெரியாமலிருக்க மென்பொருளில் போட்டுச் சொல் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகாசினோவ் மூவரும் 2021இல் இவற்றைப் பட்டியல் போட்டு 'டார்ச்சர்ட் ஃப்ரேஸஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதை நீங்கள் அழகான ஆங்கிலமாகத் திருத்திக் கொடுத்தால், திருட்டுக்குத் துணை போனதாகத்தான் ஆகும்.

எதை எடுக்கக் கூடாது

"பிளேஜியரிசம் 38 இருக்கு, 10க்குள்ள கொண்டு வந்து தாங்க" என்று கேட்டு வருபவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதியில் பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை என்பதால் வந்த எண் அது. மேற்கோள் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று காட்டுங்கள், எழுதியவரே மாற்றி எழுதட்டும். நீங்கள் மாற்றி எழுதிக் கொடுக்க ஆரம்பித்தால் எடிட்டர் வேலை முடிந்துபோயிற்று. டேட்டாவைக் கொடுத்து "டிஸ்கஷன் நீங்களே எழுதிடுங்க" என்பவரிடமும் முடியாது என்றே சொல்லுங்கள். தீசிஸ் என்றால் கைடுக்குத் தெரிந்துதான் எடிட்டரிடம் கொடுக்கிறார்களா என்று கேட்டு ஒரு வரி மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஸ்கோபஸ் அக்செப்டன்ஸ் கேரண்டி" என்று, அதாவது ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் உள்ள ஜர்னலில் பேப்பர் நிச்சயம் ஏற்கப்படும் என்று, வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஆட்கள் எடிட்டர்களையும் தேடி வருவார்கள், மாதம் இத்தனை பேப்பர் என்று ஆசை காட்டி. பக்கத்தில் போகாதீர்கள். போலிப் பேப்பர்களைத் தயாரித்து விற்கும் 'பேப்பர் ஆலைகள்' புகுந்ததால் ஹிந்தாவி பதிப்பகத்தின் ஜர்னல்கள் 2023இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேப்பர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஜர்னலை ஆத்தர்தான் தேர்ந்தெடுப்பார், நீங்கள் உத்தரவாதம் தர முடியாது. "யுஜிசி கேர்ல இருக்கா?" என்று இன்னும் கேட்பார்கள், அங்கீகரித்த ஜர்னல்களின் அந்தப் பட்டியலை யுஜிசியே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

எவ்வளவு கேட்பது, எப்படி வாங்குவது

ஊரில் என்ன ரேட் என்று விசாரிப்பதற்கு முன் உங்கள் வேகத்தை அளந்து பாருங்கள். ஐந்து பேப்பரைக் கடிகாரம் வைத்துத் திருத்துங்கள். மணிக்கு 800 சொல் போகிறது, மணிக்கு ரூ. 500 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5,000 சொல் பேப்பருக்கு ஆறேகால் மணி, ரூ. 3,125. மெயில், போன், மறுபடி ஒருமுறை பார்ப்பது எல்லாம் சேர்த்து ரூ. 4,000, அதாவது சொல்லுக்கு 80 பைசா. ஆங்கிலம் ரொம்ப மோசம் என்றால் மணிக்கு 400 சொல்தான் போகும், விலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் மொத்தப் பேப்பரையும் பார்க்காமல் ரேட் சொல்லாதீர்கள். நடுப்பக்கத்தில் 300 சொல் இலவசமாகத் திருத்திக் காட்டினால் அவருக்கும் உங்களுக்கும் தெளிவாகிவிடும்.

புதியவரிடம் பாதிப் பணம் முன்பணம். வெட்கப்பட்டால் நஷ்டம் உங்களுக்கு. கம்பெனிகளோ கல்வி நிறுவனங்களோ பணம் தரும்போது பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், வருமான வரி தாக்கல் செய்யும்போது கணக்கில் வரும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிநாட்டுப் பணம் வர ஆரம்பித்தால் ஓர் ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள், நெட்டில் படித்து நீங்களே முடிவெடுக்காதீர்கள்.

வேலை எங்கிருந்து வரும்

சென்னையில் இதற்குப் பஞ்சமில்லை. ஐஐடி, அண்ணா பல்கலை, அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையம், சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், பள்ளிக்கரணையில் கடல் தொழில்நுட்ப நிறுவனம், அப்புறம் மருத்துவக் கல்லூரிகள். போய்க் கதவைத் தட்டச் சொல்லவில்லை. உங்களோடு எம்எஸ்சி படித்தவர்கள் இப்போது எங்கெங்கே பிஎச்டி செய்கிறார்கள் என்று பட்டியல் போடுங்கள், ஆளுக்கு ஒரு மெசேஜ். ஒரு லேபில் ஒரு ஸ்காலருக்கு உருப்படியாகச் செய்து கொடுத்தால் அந்த லேப் முழுக்க வரும், கைடு வேறு ஊருக்கு மாறினாலும் தொடர்வார். பெரிய எடிட்டிங் கம்பெனிகளும் தேர்வு வைத்து ஃப்ரீலான்சர்களை எடுக்கிறார்கள். ரேட் குறைவு, கெடு நெருக்கம், ஆனால் முதல் ஒரு வருடத்துக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. எழுதிப் பாருங்கள், முதல் தடவை நான் தேறவில்லை.

திருப்பி அனுப்பும்போது இரண்டு கோப்பு: ட்ராக் சேஞ்சஸோடு ஒன்று, எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட சுத்தமான பிரதி ஒன்று. மெயிலில் அவர் கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய நான்கைந்து கேள்விகளை மட்டும் எடுத்து எழுதுங்கள், நாற்பது கமென்ட்டையும் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து ரிவ்யூவர் பதிலோடு அதே ஆத்தர் திரும்ப வருவார், ராத்திரி பத்து மணிக்கு, நாளைக்குக் கடைசி நாள் என்று. அந்தச் சுற்றுக்குத் தனிக் கட்டணம் என்பதை முதல் கொட்டேஷனிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.